காற்று சம்மதித்தால் மூன்று கடற்கரைகள்

செயின்ட் ஜான் தீவின் வடகிழக்குக் கரையில் நின்றால், எதிரே டோர்டோலா தீவின் மலைச்சரிவில் இருக்கும் வீடுகளின் கூரை நிறம்கூடத் தெரியும். நடுவில் கிடக்கும் கடல் இரண்டு மைல் அகலம்கூடத் தேறாது. ஆனால் இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை பிரிட்டன். இங்கிருந்து போகும் படகு அந்தப் பக்கம் சேர்ந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். படகோட்டி பயணிகளின் பாஸ்போர்ட்டுகளோடு சுங்க அலுவலகத்துக்குப் போய் நடைமுறைகளை முடித்த பிறகுதான் அந்தக் கொடி இறங்கும்.

கரீபியன் கடலில் தனிப்படகு அமர்த்தி ஒரே நாளில் தீவு தீவாகச் சுற்றிவரப் பொருத்தமான இடம் எது என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது இந்த வர்ஜின் தீவுகளைத்தான். 1493ல் கொலம்பஸ் பெயர் வைத்துவிட்டுப் போன தீவுக்கூட்டம் இது. மேற்கே செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், தெற்கே தள்ளி செயின்ட் க்ராய் ஆகிய மூன்றையும் 1917ல் அமெரிக்கா டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் டோர்டோலா, வர்ஜின் கோர்டா, ஜோஸ்ட் வான் டைக், அனெகாடா முதலியவை பிரிட்டனின் ஆட்சியில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் செலவாவது அமெரிக்க டாலர்தான். இரண்டு பக்கமும் வண்டிகள் சாலையின் இடப்புறம்தான் ஓடுகின்றன. குடும்பங்களும் கடலுக்கு இருபுறமும் பரவிக் கிடக்கின்றன. கடலில் கோடு கிழித்தது ஆட்சிகள்தான்.

நிலத்தின் கதையும் அதையே சொல்கிறது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் நீரில் இன்றைவிட அதிகப் பகுதி பனியாக உறைந்திருந்தபோது, கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது செயின்ட் க்ராய் தவிர மற்ற வர்ஜின் தீவுகளும் போர்ட்டோ ரிக்கோவும் ஒரே நிலப்பரப்பு. பனி உருகி நீர் ஏற ஏறப் பள்ளத்தாக்குகள் மூழ்கின, மலை உச்சிகள் தீவுகளாயின. இன்று படகுகள் ஓடும் சர் ஃபிரான்சிஸ் டிரேக் நீர்வழியின் ஆழம் பெரும்பாலும் இருபது, முப்பது மீட்டர்தான். செயின்ட் க்ராய் தீவைப் பிரிக்கும் கடற்பள்ளமோ நாலாயிரம் மீட்டரையும் தாண்டுகிறது. அந்தத் தீவு இந்த ஒருநாள் சுற்றில் சேராததற்குக் காரணம் அந்த நீண்ட திறந்த கடல். வடக்குத் தீவுகள் ஒன்றுக்கொன்று காற்றுத்தடுப்பாக நின்று நடுவில் ஒரு பெரிய அமைதியான நீர்ப்பரப்பைக் காத்து வைத்திருக்கின்றன. சிறிய படகு இங்கே துணிந்து ஓடுவது அதனால்தான்.

படகோட்டியின் கணக்கு

செயின்ட் தாமஸின் ரெட் ஹூக், செயின்ட் ஜானின் க்ரூஸ் பே ஆகிய இரண்டு துறைகளிலிருந்தும் காலை எட்டு, எட்டரைக்குப் படகுகள் புறப்படத் தொடங்கும். பின்பக்கம் இரண்டு மூன்று மோட்டார்கள் பூட்டிய வேகப்படகு ஒரு வகை. பாய்மரப் படகும் இரட்டை உடல் கொண்ட கட்டமரானும் இன்னொரு வகை. வேகப்படகில் ஒரே நாளில் வர்ஜின் கோர்டா வரை போய்த் திரும்பலாம். பாய்மரத்தில் போனால் இரண்டு இடம்தான் முடியும், ஆனால் மோட்டார் சத்தம் இருக்காது. சாதாரண வாடகைப் படகில் ஆறு பயணிகள் வரை ஏற்றுவதற்கு உரிமம் உண்டு. அதற்குமேல் ஆள் இருந்தால் வேறு தரச் சான்று பெற்ற படகு வேண்டும்.

தனிப்படகு என்றதும் ஆடம்பரம்தான் பலருக்கு நினைவு வருகிறது: பனிக்கட்டிப் பெட்டி, மெத்தை, பாட்டு. என் பார்வையில் நாம் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் உண்மையான பொருள் அவை எதுவும் அல்ல. அந்தக் கடலை அறிந்த ஒரு மனிதரின் தீர்ப்பு நமக்கென்று ஒரு நாள் முழுக்கக் கிடைக்கிறது. எங்கே நிற்கலாம், எப்போது கிளம்ப வேண்டும், இன்றைக்கு எங்கே போகவே கூடாது என்பதைச் சொல்லும் தீர்ப்பு. நூறு பேரை ஏற்றும் பெரிய சுற்றுலாப் படகு அச்சடித்த நேர அட்டவணைப்படி ஓடும். சிறிய படகு காற்றைப் பார்த்து ஓடும்.

காற்று இங்கே ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வருகிறது. பள்ளிப் புவியியலில் நாம் படித்த வியாபாரக் காற்றுதான். கிறிஸ்துமஸை ஒட்டி அது உரத்துவிடும். சில நாட்கள் விடாமல் இருபத்தைந்து, முப்பது நாட் வேகத்தில் அடிக்கும். அனுபவம் உள்ளவர்கள் காலையில் முதலில் கிழக்கே, அதாவது காற்றை எதிர்த்து, மிகத் தொலைவான இடத்துக்குப் போய்விடுவார்கள். காலைக் கடல் கொஞ்சம் தணிந்திருக்கும், பயணிகளும் களைத்திருக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு தீவாக மேற்கே இறங்கி வரும்போது அலை பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். இதை அறியாமல் பக்கத்துத் தீவில் மதியம் வரை நீந்திவிட்டுப் பிற்பகலில் கிழக்கே கிளம்பியவர்கள், படகு ஒவ்வொரு அலையிலும் அறைந்து விழ, முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இன்னொன்று சூரியன். பவளப்பாறைகள் நிறைந்த நீரில் கருவிகளைவிடக் கண்ணை நம்புகிறவர்கள்தான் நல்ல படகோட்டிகள். கருநீலம் ஆழம். வெளிர்பச்சை கலந்த நீலம் மணல் தரை. பழுப்பு தெரிந்தால் பாறை, விலகு. இந்த நிறங்கள் சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் பிரிந்து தெரியும். மாலையில் மேற்கு நோக்கி வரும்போது ஒளி முகத்தில் அடித்து நீர் முழுக்க ஒரே வெள்ளியாகிவிடும். மூன்று மணிக்கே கிளம்பச் சொல்லும் படகோட்டியிடம் இன்னும் அரை மணி நேரம் கேட்டு வாதாட வேண்டாம். க்ரூஸ் பேயில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையும் காத்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் அமெரிக்க விசா மறுபடியும் நுழைய இடம் தருகிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது அவசியம்.

அதே நீரைக் கடந்தவர்கள்

செயின்ட் ஜானின் வடகரையை ஒட்டிப் போகும்போது, லீன்ஸ்டர் விரிகுடாவுக்கு மேலே, அன்னபெர்க் சர்க்கரைத் தோட்டத்தின் கல் காற்றாலைக் கோபுரம் தெரியும். படகு மெதுவாகப் போனால் நல்லது, அந்த இடத்தைப் பார்க்காமல் கடக்கக் கூடாது. இந்தத் தீவின் சரிவுகள் முழுவதும் ஒருகாலத்தில் கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் கல் அடுக்கிப் படிவரப்பு கட்டிப் பயிரிட்டார்கள். 1733 நவம்பர் 23 அன்று செயின்ட் ஜானின் அடிமைகள், பெரும்பாலும் இன்றைய கானா நாட்டுப் பகுதியின் அக்வாமு மக்கள், கோட்டையைக் கைப்பற்றி எழுந்தார்கள். தீவின் பெரும்பகுதி மாதக்கணக்கில் அவர்கள் கையில் இருந்தது. மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வந்த பிறகுதான் 1734ல் டேனியர்களால் அதை அடக்க முடிந்தது.

நூறாண்டுகள் கழித்து அந்தக் குறுகிய கடலுக்கு ஒரு புதிய பொருள் வந்தது. பிரிட்டன் 1834ல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. டென்மார்க் ஒழிக்கவில்லை. செயின்ட் ஜானில் விலங்கு, கண்ணுக்கு எட்டும் டோர்டோலாவில் விடுதலை. பதினான்கு ஆண்டுகள் அப்படியே இருந்தது. இரவில் படகை அவிழ்த்துக்கொண்டு போனார்கள், கிடைத்த மரங்களைப் பிணைத்து மிதந்தார்கள், நீந்தவும் செய்தார்கள். இங்கே நீரோட்டம் கடுமை; டேனியக் காவல் படகுகளும் இருந்தன. எல்லோரும் அக்கரை சேரவில்லை. 1848 ஜூலை 3 அன்று செயின்ட் க்ராயில் ஆயிரக்கணக்கானோர் கோட்டை முன் திரண்டு நின்ற பிறகே டேனிய ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் விடுதலையை அறிவித்தார்.

இப்போது நம் படகு அந்த நீரைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். பயணிகளிடம் இதைச் சொல்லும் படகோட்டிகள் இருக்கிறார்கள். உல்லாசப் பயணத்தில் இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினரோடு போவதே எனக்கு விருப்பம்.

இனி படகு நிற்கும் இடங்கள். ஜோஸ்ட் வான் டைக் தீவில் வசிப்பவர்கள் முந்நூறு பேர் அளவில்தான். அதன் தென்கரையில் இருக்கும் வைட் பேயில் படகுத்துறை கிடையாது. இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தோ நீந்தியோதான் கரையேற வேண்டும். அங்கே உள்ள ‘சாக்கி டாலர்’ மதுக்கடைக்கு அந்தப் பெயர் வந்ததே, நனைந்த டாலர் நோட்டுகளை நீட்டும் வாடிக்கையாளர்களால்தான். ரம், அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, தேங்காய்ப்பால் கூழ், மேலே துருவிய ஜாதிக்காய் என்று அங்கே உருவான ‘பெயின்கில்லர்’ பானம் இன்று கரீபியன் முழுக்கப் பரவியிருக்கிறது. ரம் இல்லாமலும் கேட்டு வாங்கலாம்; ஜாதிக்காய் மணத்துக்கு அதுவே போதும். பக்கத்து கிரேட் ஹார்பரில், ஒரு புளியமரத்தின் பெயரையும் சேர்த்து ‘ஃபாக்ஸிஸ் டாமரிண்ட்’ என்று 1968ல் ஒரு சிறு கடை தொடங்கியது. அதை நடத்திய ஃபாக்ஸி கால்வுட் கிட்டாரோடு கலிப்சோ பாடுவார், வருகிறவர்களை வைத்தே உடனுக்குடன் பாட்டுக் கட்டுவார். மறைந்துகொண்டிருந்த மரப்படகு கட்டும் கலையைத் தீவு இளைஞர்களுக்குச் சொல்லித்தர முனைந்ததும் அவர்தான்.

கடற்கரையில் படுத்துவிட்டுத் திரும்பும் பலருக்குத் தெரியாத இன்னொரு முகம் இந்தத் தீவுக்கு உண்டு. இதை ஒட்டிய லிட்டில் ஜோஸ்ட் வான் டைக்கில் 1744ல் பிறந்த ஜான் கோக்லி லெட்சம் என்ற குவேக்கர் சிறுவன் இங்கிலாந்தில் மருத்துவம் படித்தான். 1767ல் ஊர் திரும்பியபோது, தந்தைவழியில் தனக்கு வந்த அடிமைகளை விடுவித்தார். பிறகு லண்டன் மருத்துவக் கழகத்தை 1773ல் நிறுவியவரும் அவரே. ஜோஸ்ட் வான் டைக்கில் 1759ல் பிறந்த வில்லியம் தார்ன்டன் வரைந்த வடிவம்தான் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தேர்வானது. நார்மன் தீவில் நங்கூரமிட்டு மிதக்கும் ‘வில்லி டி’ என்ற உணவுக்கப்பல் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பழைய ‘வில்லி டி’ 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயலில் கரையில் தூக்கி எறியப்பட்டது. அதை அப்புறப்படுத்திப் பீட்டர் தீவு அருகே மூழ்கவைத்தார்கள். இன்று அது மீன்கள் குடியிருக்கும் இடம்.

இர்மாவைப் பற்றி அங்கே யாரும் கதை போலச் சொல்வதில்லை. உச்சத்தில் மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய புயல் அது. கூரைகள் போயின, படகுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தன, பச்சை மலைகள் ஒரே நாளில் பழுப்பாகின. இரண்டு வாரத்தில் மரியா புயல் வந்தது. இன்று நாம் பார்க்கும் தென்னைகளில் பல அதற்குப் பிறகு நட்டவை.

நார்மன் தீவின் கடற்குகைகளில் முகமூடி மாட்டி மிதந்துபோவது குழந்தைகளுக்கும் எளிது. சால்ட் தீவில் மக்கள் இப்போது இல்லையென்றே சொல்லலாம். உப்புக் குளங்கள் மட்டும் கிடக்கின்றன. ஆண்டுக்கு ஒரு மூட்டை உப்பை இங்கிலாந்து அரசிக்குக் குத்தகையாக அனுப்பிய ஊர் அது. அதன் கரையோரப் பாறையில்தான் 1867 அக்டோபர் 29 அன்று புயலில் சிக்கிய ‘ரோன்’ என்ற அஞ்சல் நீராவிக் கப்பல் மோதியது. கொதித்துக்கொண்டிருந்த கொதிகலன்களில் குளிர்ந்த கடல்நீர் புகுந்து அவை வெடிக்க, கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பின்பகுதியும் வெண்கலச் சுழலியும் ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால், மேலே மிதந்தபடியே பார்க்க முடியும். அங்கே நீந்தும்போது இது ஒரு கல்லறையும்கூட என்ற நினைவு வேண்டும்.

வர்ஜின் கோர்டாவின் ‘பாத்ஸ்’ தான் இந்தச் சுற்றின் பெருமை. வீடு அளவு கருங்கல் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, இடுக்குகளில் கடல்நீர் புகுந்து குளங்களாகத் தேங்கியிருக்கிறது. மேலே இருக்கும் விரிசல்கள் வழியாக ஒளிக்கற்றை விழும்போது நீரடி மணல் வரை பளிச்சென்று தெரியும். ஆனால் படகைக் கரைக்குக் கொண்டுபோக முடியாது. மிதவையில் கட்டிவிட்டு, கயிறு கட்டிய எல்லையிலிருந்து நீந்தித்தான் போக வேண்டும். கரையில் கொடி பறக்கும். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எங்கோ அடிக்கும் புயலின் பேரலைகள் இரண்டு மூன்று நாள் கழித்து, காற்றே இல்லாத வெயில் நாளில்கூட, இங்கே வந்து பாறைகளில் மோதும். வானம் தெளிவாக இருக்கிறதே, சிவப்புக் கொடி ஏன் என்று பயணிகள் கோபப்படுவது இந்தக் காரணம் தெரியாததால்தான்.

நீருக்குள் நடப்பது

இந்தக் கடற்கரைகளின் மணல் வெண்மைக்கு ஆறுகள் இல்லாததும் ஒரு காரணம். சேறு கொண்டுவர யாரும் இல்லை. மணலில் பெரும்பங்கு உயிர்கள் தந்தது. கிளிமீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்று, அரைபட்ட சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகிறது. பவளமும் சுண்ணாம்புப் பாசிகளும் உடைந்து அதோடு சேர்கின்றன. பவளப்பார் இருந்தால்தான் கடற்கரை இருக்கும். வெளிக்கடல் அலையை உடைத்துக் கரையைக் காப்பதும் அதே பார்தான்.

அந்தப் பார் நோயில் கிடக்கிறது, இதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. 2005ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பின்தொடர்ந்த நோயில் அமெரிக்க வர்ஜின் தீவுகள் தங்கள் பவளப் பரப்பில் பாதிக்கு மேல் இழந்தன. 2019 தொடக்கத்தில் செயின்ட் தாமஸ் அருகே பவளத்தின் திசுவையே உரித்துக் கொல்லும் ஒரு கொடிய நோய் தென்பட்டது. 2022ல் பாசியைத் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும் நீள்முள் கடல் முள்ளெலிகள் கூட்டமாக மடியத் தொடங்கியதும் அதே தீவுப் பகுதியில்தான். 1983ல் ஒருமுறை இப்படி நடந்து, அதிலிருந்தே அவை முழுமையாக மீண்டிருக்கவில்லை.

படகுக்கும் இதில் பங்கு உண்டு. கடற்புல் தரையில் நங்கூரம் போட்டு இழுத்தால் பல ஆண்டுகள் வளர்ந்த வேர்ப்பின்னல் நொடியில் கிழிகிறது. செயின்ட் ஜானின் மாஹோ, ஃபிரான்சிஸ் விரிகுடாக்களில் பேராமைகள் மேய்வது அந்தப் புல்லைத்தான். நம் இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் சேர்ந்த ஒரு கடற்புல் 2002ல் கிரெனடாவில் தென்பட்டது. தீவு தீவாகப் பரவி இன்று வர்ஜின் தீவுகளின் உள்ளூர்ப் புல்லை நெருக்குகிறது. நங்கூரத்தில் சிக்கிய துண்டுகளோடு அது அடுத்த விரிகுடாவுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் தேசியப் பூங்காக்கள் கட்டு மிதவைகளை அமைத்திருக்கின்றன. நங்கூரம் வீசாமல் அதில் கயிறு மாட்டிக்கொண்டால் போதும். பிரிட்டிஷ் பக்கத்தில் பகல்நேர மிதவையில் 90 நிமிடம்தான் நிற்கலாம். அடுத்த படகுக்கு இடம் விடும் அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்கப் பக்கத்தில் பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்ஸிபென்சோன் முதலான வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் 2020 முதல் சட்டப்படி தடை. துத்தநாகக் களிம்பு எடுத்துப் போங்கள். முழுக்கைச் சட்டை போட்டு நீந்துவது அதைவிட நல்லது.

கரையில் பார்த்து அமர வேண்டிய நிழல் ஒன்று உண்டு. மான்சினீல் என்ற மரம் சிறிய பச்சை ஆப்பிள் போல் காய்க்கும். காய் நஞ்சு, பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலே கொப்புளம் வரும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். வெண்டைக்காய் சேர்த்துக் கிளறிய சோளமாவுக் களியை மீனோடு தருவார்கள். சங்குக்கறி வடைபோல் பொரித்துக் கிடைக்கும். டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் ரொட்டி, கோழிக்குழம்பைச் சுற்றிக்கொண்டு இந்தத் தீவுகளின் கடைகளிலும் ஊன்றிவிட்டது. கடையில் நுழைந்ததும் வேண்டியதைக் கேட்பதற்கு முன் ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டும். அங்கே அது கட்டாய மரியாதை. சொல்லாதவரிடம் முகம் கொடுக்க மாட்டார்கள்.

செலவு அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு நாள் தனிப்படகு பொதுவாக ஆயிரம் டாலருக்குக் குறையாது, வேகப்படகென்றால் அதற்கு மேலேயே போகும். எரிபொருள், சுங்கக் கட்டணம், படகோட்டிக்கு நூற்றுக்குப் பதினைந்து இருபது அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் தனி. 2025ல் பிரிட்டிஷ் பக்க அரசு வெளியிலிருந்து வரும் வாடகைப் படகுகளுக்கான கட்டணங்களைப் பெரிதாக உயர்த்தியது. அமெரிக்கப் பக்கப் படகுக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் கடற்கரையால் வரும் வருமானம் தங்கள் மக்களுக்கும் சேர வேண்டும் என்பது ஒரு நியாயம். தலைமுறையாகப் போய்வந்த கடலில் பிழைப்பு போகிறதே என்பது இன்னொரு நியாயம். ஆறு பேராகச் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் ஒருவர் பங்கு தாங்கும். அவ்வளவு பணம் வேண்டாம் என்றால் எல்லையைக் கடக்காமல் செயின்ட் ஜானின் வடகரையை மட்டும் சுற்றலாம். 1956ல் லாரன்ஸ் ராக்கஃபெல்லர் தந்த நிலத்தில் உருவான தேசியப் பூங்கா அந்தத் தீவின் பாதிக்கு மேல் விரிந்திருக்கிறது. ட்ரங்க் பேயில் நீருக்கடியில் பலகைகள் நட்ட ஒரு பாதையே இருக்கிறது.

ஆறு இடம், ஏழு இடம் என்று பட்டியல் நீட்டும் விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். எட்டு மணி நேரத்தில் மூன்று இடம் தாராளம். இரண்டாக இருந்தாலும் குறையில்லை. படகு பேசும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “பாத்ஸில் சிவப்புக் கொடி என்றால் எங்கே கூட்டிப்போவீர்கள்?” அதற்கு யோசிக்காமல், இடத்தின் பெயரையும் அன்றைய காற்றுக்கு அது ஏன் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவருடைய படகில் ஏறுங்கள்.